பாட்டரி வகுத்த பிரமாணம்

பிளாஸ்டிக் டாங்கி மாடல் ஒன்றைக் கடையில் கையிலெடுப்பவர், பெட்டியின் மேலுள்ள வர்ண ஓவியத்தைக் கண்குளிரப் பார்த்த பிறகு, அடுத்தபடியாகத் தேடுவது அதன் மூலையில் அச்சிட்டிருக்கும் ஒரு சிறு எண்ணைத்தான். பெரும்பாலான பெட்டிகளில் அந்த எண் 1/35 என்றிருக்கும். அசல் வண்டியின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று பொருள். ஜப்பானில் செய்ததானாலும், இத்தாலியில் செய்ததானாலும், ஹாங்காங்கில் செய்ததானாலும் இதே எண்தான். ஆனால் அளவுகளின் கணக்கை அறிந்த எவருக்கும் இந்த முப்பத்தைந்து விசித்திரமாகப் படாமல் இராது. அடி, அங்குலக் கணக்கில் பழகியவர்கள் 24, 48, 72 என்று பன்னிரண்டால் வகுபடும் எண்களை எடுப்பார்கள்; மீட்டர்க் கணக்கினர் 50, 100 என்று எடுப்பார்கள். முப்பத்தைந்து இந்த இரண்டு குலத்திலும் பிறந்ததன்று. அது எங்கே பிறந்தது என்று தேடப் புகுந்தால், சிறிய ரயில்களின் சரித்திரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் ஸ்தபதிகள் ஒரு பிரதிமையைச் செய்யத் தொடங்குமுன் முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வகுத்துக்கொண்டு, அந்தத் தாலத்தின் மடங்குகளாகவே மற்ற அங்கங்கள் யாவற்றையும் நிர்ணயம் செய்வார்கள். அங்கே பிரமாணம் முந்தியது, உருவம் பிந்தியது. மாடல் தொழிலிலும் அப்படிப் பிரமாணத்தை முன்வைத்துத் தொடங்கியவர்கள் உண்டு. 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயருடன் மரத்தாலான சிறு விமானங்கள் வெளிவந்தபோது, ஆறடி மனிதன் ஓரங்குல உயரம் நிற்க வேண்டும் என்பதே அவற்றின் விதியாக இருந்தது, அதுதான் 1/72. 1936இல் வெளிவந்த ஃபிராக் பெங்குவின் மாடல்கள், மரத்தை விட்டு செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டாலும், அந்த விதியை விடவில்லை. யுத்த காலத்தில், 1942இல், பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் வானத்தில் பிரித்தறியும் பயிற்சிக்காக அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் 5,00,000 மர மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டபோதும் அதே 1/72தான் வழங்கியது.

ரயில்களின் வரலாறு இவ்வளவு நேரானதல்ல. ஜெர்மனியில் கோப்பிங்கன் ஊரிலிருந்த மார்க்லின் நிறுவனத்தார், 1891இல் லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயில்களைத் தண்டவாளங்களோடு காட்டி, பாதையின் அகலத்துக்கு வரிசையாக எண்களிட்டு ஒழுங்கு செய்தார்கள். அந்த ரயில்கள் வாங்குவதற்கு மட்டுமல்ல, ஓட விடுவதற்கும் பெரிய மாளிகை வேண்டியவை. சாதாரணக் குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையின் மேல் சுற்றி ஓடக்கூடிய ரயில் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் முதிர்ந்தது. 1922இல் நூரம்பெர்க் நகரத்து பிங் நிறுவனம் செய்து, இங்கிலாந்தில் பாசெட்-லோக் நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்த மேஜை ரயில், அதுவரை வழங்கிய ‘ஓ’ என்னும் பாதை அளவில் ஏறக்குறையப் பாதி. அதனால்தான் பாதி ஓ என்ற கருத்தில் ‘ஹெச்.ஓ.’ என்றும், ‘டபிள் ஓ’ என்றும் பின்னால் பெயர்கள் ஏற்பட்டன.

கணக்குப்படி பாதி அளவென்றால் அசலில் ஓரடிக்கு மாதிரியில் 3.5 மில்லிமீட்டர், அதாவது 1/87. அதற்குரிய பாதை அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பியக் கண்டத்தார் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயருக்கு மட்டும் ஒரு சங்கடம் நேர்ந்தது. ரயில் போக்குவரத்தில் முன்னோடிகளாயிருந்த காரணத்தாலேயே அவர்களுடைய சுரங்கங்களும் பாலங்களும் குறுகலானவை. அவற்றின் ஊடே போகவேண்டிய எஞ்சின்களும், பாதை அகலம் கண்டத்தில் உள்ளதே ஆயினும், உடல் சிறுத்தவை. அந்தச் சிறுத்த உடலை 87இல் ஒரு பங்காக்கினால், அக்காலத்து மின்சார மோட்டார் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே எஞ்சினை மட்டும் ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்று, 1/76 ஆகப் பெருக்கிக்கொண்டு, அதை ஓட்டும் தண்டவாளத்தைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். 1938இல் லிவர்பூலிலிருந்து ஹார்ன்பி டப்லோ ரயில்கள் வெளிவந்து அந்த நாட்டுப் பிள்ளைகளின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டபோது, இந்தப் பொருத்தமின்மை ஒரு தேசத்தின் வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

பிழை எவ்வளவு என்று பார்த்தால், மாதிரியில் இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்; அசலுக்குப் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய பாதை 1,257 மில்லிமீட்டராகக் குறுகி, ஏழங்குலம் காணாமற்போகிறது. முன்புறமாகப் பார்த்தால், பருத்த உடலை ஒல்லிக் கால்கள் தாங்குவது போன்ற தோற்றம். இதைச் சகிக்கமாட்டாத சிலர் 18 மில்லிமீட்டருக்குப் பாதையை விரித்தார்கள். அதுவும் போதாதென்று 1960களில் ஒரு குழுவினர் மிகச் சரியான 18.83 மில்லிமீட்டரை வகுத்து, சக்கரத்தின் விளிம்பு முதல் தண்டவாளத்தின் இடைவெளி வரை யாவற்றையும் புதிதாகக் கணித்தார்கள். அந்தக் கணிதத்தின்படி ஓடும் சக்கரம் எந்தக் கடையிலும் தயாராகக் கிடைக்காத நாளில், ஒவ்வொருவரும் தம் கையாலேயே அரம் பிடித்துப் பாதை அமைத்தார்கள். இரண்டேகால் மில்லிமீட்டருக்காக மாதக்கணக்கில் இரவுகளைச் செலவழித்த அந்த மனிதர்களிடம் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

நம் நாட்டு அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர். அதை 1/87இல் செய்தால் பாதை 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருக்க வேண்டும். 16.5 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் இந்திய எஞ்சினை ஓட்டும் அன்பரும், ஆங்கிலேயரைப் போலவே, ஒரு பொருத்தமின்மையை ஏற்றுக்கொண்டுதான் ஓட்டுகிறார். ஜப்பானில் இது தலைகீழாயிற்று: அங்கே அசல் பாதையே 1,067 மில்லிமீட்டர்க் குறுகல் ஆதலால், 1965இல் கட்டோ நிறுவனத்தார் 9 மில்லிமீட்டர்ப் பாதையில் ஓடும் சி-50 எஞ்சினைக் கொண்டுவந்தபோது, 1/150 என்ற அளவுக்கு அந்தப் பாதை அகன்று போயிற்று.

ரயிலின் மோட்டார் ஏற்படுத்திய இந்த 1/76 என்னும் எண் ரயிலோடு நின்றிருந்தால் டாங்கிகளின் கதையில் அதற்கு இடமிராது. ஆனால் 1939இல் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிய யூதர் லண்டனில் நிறுவிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1952இல் ஒரு பழைய பாய்மரக் கப்பலின் மாதிரியைச் சிறு பையிலிட்டு வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்று வெற்றி கண்டபின், ரயில் ஆர்வலர்களின் பாதையோரங்களுக்கு வீடுகளையும் நிலையங்களையும் செய்தளித்தது. அவ்வீடுகளுக்கு இசைவாக அதே அளவில் சிறு சிப்பாய்களையும், சிப்பாய்களுக்கு இசைவாக 1961 முதல் டாங்கிகளையும் வெளியிட்டது. சமையலறை மேஜையில் ஓடிய ஒரு பொம்மை எஞ்சினின் வயிற்றில் மோட்டார் அடங்காத காரணத்தால், பாந்தரும் ஷெர்மனும் சர்ச்சிலும் 76இல் ஒரு பங்காகப் பிறந்தன.

ஏறக்குறைய அதே சமயத்தில், உலகத்தின் மறுகோடியில், வேறொரு பாந்தர் உருவாகிக்கொண்டிருந்தது. சுருகா வளைகுடாவின் கரையிலுள்ள ஷிசுவோகா நகரம், சும்பு என்ற பழம்பெயருடன், ஜப்பானை ஆண்ட தொக்குகாவா இயேயாசு 1607 முதல் ஓய்வுக்காலத்தைக் கழித்த இடம். அவர் மறைந்தபின் 1617இல் அருகிலுள்ள குனோ மலைமேல் எழுந்த ஆலயத்துக்காகவும், பின் 1804இல் தொடங்கி அறுபதாண்டுகள் நடந்த செங்கன் ஆலயத் திருப்பணிக்காகவும் பல திசைகளிலிருந்து தச்சர்களும், மரச் சிற்பிகளும், அரக்குப் பூச்சுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். திருப்பணி முடிந்ததும் யாவரும் திரும்பிவிடவில்லை. நல்ல மரமும் மிதமான காற்றுமுள்ள அந்த ஊரிலேயே தங்கி, அரக்குப் பாத்திரமும், நிலைக்கண்ணாடி மேஜையும், மரச் சாமான்களும் செய்து வாழ்ந்தார்கள். 1932இல் ஆவோஷிமா என்ற விமானி அங்கே மரத்தால் பறக்கும் மாதிரி விமானங்களைச் செய்ய முற்பட்டபோது, மரத்தை மெல்லியதாகச் சீவத் தெரிந்த கைகளுக்கு அவர் வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை.

1945 ஜூன் மாதத்தில் ஓரிரவு, குண்டு விமானங்கள் அந்த நகரத்தைச் சுட்டெரித்தன. மறுவருஷம் தமியா யோஷியோ என்பவர் அங்கே மரம் அறுக்கும் தொழிலை ஆரம்பித்தார். வீடிழந்த ஊருக்கு முதலில் வேண்டியது மரந்தானே. அறுத்த மரத்தின் ஒரு பகுதியைக் கொண்டு கப்பல், வண்டி முதலிய மாதிரிகள் செய்யும் பிரிவும் ஓராண்டிலேயே சேர்ந்தது. 1951இல் தீயில் மரங்கள் நாசமாகிவிட, 1953 முதல் மர வியாபாரத்தையே விட்டுவிட்டு மாதிரித் தொழிலில் மட்டும் நின்றார்கள். அதற்குள் அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்து இறங்கலாயின. சிறுவன் சிராய் குத்தக் குத்தத் தேய்த்து முடிக்கவேண்டிய மரத் துண்டுகள் எங்கே, ஆணித் தலைகள்கூடத் துலங்க வார்த்தெடுத்துப் பெட்டியில் வரும் பகுதிகள் எங்கே? 1958இல் மருசான் நிறுவனம் நாட்டிலேயே செய்த நாட்டிலஸ் நீர்மூழ்கி மாடல் வெளிவந்ததும், மரக் கப்பல்களைக் கேட்பார் குறைந்து போயினர்.

பிளாஸ்டிக்கின் சிரமம் அதன் அச்சில் இருக்கிறது. பாலிஸ்டைரீன் மணிகளை உருக்கி, மிகுந்த அழுத்தத்தில் உருக்கு அச்சின் பள்ளங்களுக்குள் செலுத்திக் குளிர வைத்துப் பெயர்த்தால், பகுதிகள் ஒரு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு பெட்டிக்கான பொருளின் விலை அற்பம். அந்த அச்சை வெட்டும் கிரயமோ ஒரு சிறு தொழிற்சாலையின் முழு மூலதனம். 1960இல் தமியா தன் முதல் பிளாஸ்டிக் மாடலாக யமாத்தோ போர்க்கப்பலை 1/800இல் செய்து முடித்த வேளையில், போட்டி நிறுவனமொன்று அதே கப்பலைக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. அச்சுக் கூலிகூடத் திரும்பவில்லை. அவர்கள் திரும்பவும் மரத்துக்கே போய், பிறகு சிறு பிளாஸ்டிக் பொம்மை வண்டிகளை விற்று நிமிர்ந்தார்கள்.

மறு முயற்சிக்கு நிறுவனரின் மகன் ஷுன்சாக்கு தேர்ந்தெடுத்தது ஜெர்மானிய பாந்தர் டாங்கி. இந்தத் தேர்வில் வீரத்தைவிடத் தச்சனுடைய கண்தான் அதிகம் வேலை செய்ததாக நான் எண்ணுகிறேன். பாந்தரின் உடல் சாய்ந்த தட்டைப் பலகைகளால் ஆனது, வளைவுகள் குறைவு, ஆதலால் அச்சு வெட்டுவது எளிது. பெட்டியின் மேல் பாய்ந்துவரும் டாங்கியைத் தீட்டியவர், அந்நாளில் ஜப்பானியச் சிறுவர்களின் பத்திரிகைகளால் புகழ்பெற்றிருந்த கொமாட்சுசாக்கி ஷிகெரு. உள்ளே மாபுச்சி மோட்டாரும் பாட்டரிகளும் வைத்தால், ரப்பர்ப் பட்டைகளின்மேல் ஊர்ந்து புத்தக அடுக்குகளைத் தாண்டிப் போகும். 1962ஐ ஒட்டி அது வெளிவந்ததும் கடைகளில் நிற்கவில்லை.

அதற்கு முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று முன்கூட்டி யாரும் விதிக்கவில்லை. டாங்கியின் உடலுக்குள் இரண்டு பாட்டரியும் ஒரு மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் அடங்க வேண்டும். அவை அடங்கும்படி உடலின் அகலத்தை வைத்தார்கள். வைத்தபின் அசலோடு வகுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய முப்பத்தைந்து என்று வந்தது. அசலில் ஏழு மீட்டரை எட்டும் பாந்தரின் உடல் இருபது சென்டிமீட்டரில் அடங்கிற்று. அடுத்த டாங்கிகளும் முன்னதோடு பக்கத்தில் நிற்கவேண்டுமென்பதால் அந்த அளவே தொடர்ந்தது. 1968இல் சிப்பாய்களும் சிறு வண்டிகளுமாகப் புது வரிசையொன்று அவற்றோடு சேர, டாங்கிக்குப் பக்கத்தில் மனிதனும் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நின்றான். பிற நாட்டு உற்பத்தியாளரும் தங்கள் டாங்கிகளை அந்தச் சிப்பாய்களின் அருகே நிறுத்த விரும்பி, காலக்கிரமத்தில் முப்பத்தைந்தையே கைக்கொண்டார்கள்.

தோராயமாகப் பிறந்த அளவினுள் துல்லியத்தைப் புகுத்தும் பிரயாசை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஷுன்சாக்கு அமெரிக்காவின் அபர்டீன் ராணுவக் காட்சித் திடலுக்குப் போய், கைப்பற்றி வந்து வெயிலில் நிறுத்தியிருந்த டாங்கிகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தார். முன்னும் பின்னும் மட்டுமல்ல, திருகாணிகளின் எண்ணிக்கை, பற்றவைத்த தழும்பு, இரும்பின் சொரசொரப்பு எல்லாவற்றையும் பதிவு செய்தார். 1970களில் ஒரு காரின் மாதிரிக்காக போர்ஷே 911 வண்டியொன்றை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றி அளந்தவரும் அவரே. ஆலயத் திருப்பணிக்கு வந்தவர்களின் ஊரிலே, உத்தரத்தின் பொருத்தை நூல் பிடித்துச் சரிபார்த்த பழக்கம் உருக்கு அச்சின்மேல் தொடர்ந்தது என்றே கொள்ளலாம்.

வாங்குபவர்களும் மாறினார்கள். ஓடுவதைக் கண்டு களித்த சிறுவன் வளர்ந்து, அமைதியாக நிற்கும் டாங்கியின் பட்டையில் சேறும் துருவும் எப்படிப் படிந்திருக்கும் என்று யோசிக்கலானான். பிளாஸ்டிக்குக்கு ஊற்றும் பசை உண்மையில் பசையன்று. அது இரண்டு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்குவது. ஒரு துளி அதிகமானால் முகப்பிலே விரல் ரேகை பதிந்துபோகும். அந்தத் துளியின் அளவு கைவர ஒருவனுக்குப் பல பெட்டிகள் தேவைப்படும். 1959 முதல் ஷிசுவோகாவில் ஆண்டுதோறும் நடக்கும் மாடல் கண்காட்சிக்கு வரும் தலைநரைத்த மனிதர்கள் அங்கே குனிந்து பார்ப்பதெல்லாம் இப்படிப்பட்ட துளிகளைத்தான்.

மோட்டார் போய்விட்டது, பாட்டரியும் போய்விட்டது. ஆனால் உருக்கு அச்சு எளிதில் அழிவதில்லை. ஆரம்ப நாளின் அச்சுகளிலிருந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வார்த்த டாங்கிகளைத் திருப்பிப் பார்த்தால், அடித்தட்டில் சில ஓட்டைகள் தென்படும்: ஒன்று சுவிட்சு நீட்டிக்கொண்டிருந்த இடம், மற்றவை பற்சக்கரப் பெட்டியைத் திருகி நிறுத்திய இடம். அசல் டாங்கியில் இல்லாத அவற்றை ஆர்வலர் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வெட்டி அடைத்து, மேலே மாவு பூசி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தடம் தெரியாமல் தேய்க்கிறார். பிறகு டாங்கியை நிமிர்த்தி வைக்கிறார், இனி யாரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை.