கல்லும் சாம்பலும்

சாவின் முன் அனைவரும் சமம் என்பர். ஆண்டியும் அரசனும் ஆறடி நிலத்திலே ஒன்றாகிவிடுகின்றனர் என்பர். கேட்பதற்கு இனிமையான பேச்சுத்தான்! ஆனால் வரலாறு அதனை ஒப்புக்கொள்கிறதா? கல்லைக் கேட்போம்.

சிதம்பரம் நகரை ஒட்டிப் பள்ளிப்படை என்றோர் ஊர் உண்டு. அவ்வழியே நாள்தோறும் செல்வோரில் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பர்? பள்ளி என்றால் துயிலிடம். மன்னரும் மன்னர் குடியினரும் மாண்ட பின்னர், அவர்தம் உடலோ சாம்பலோ கிடந்த இடத்தின் மேல் எழுப்பப்பட்ட கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூரில் இறந்தான். மகன் முதலாம் பராந்தகன் அங்கே கோயில் எடுத்தான். ஆற்றூரில் மறைந்த அரிஞ்சயனுக்குப் பேரன் முதலாம் இராசராசன் மேற்பாடியிலே பள்ளிப்படை அமைத்தான். சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் பட்டீச்சுரத்தின் அருகே ஒன்று அமைத்தான்.

பாட்டனை மதித்த பேரனையும், சிற்றன்னையை மறவாத மகனையும் நாம் பழிக்கவில்லை. நம் கேள்வி வேறு. கோயில் என்றால் விளக்கு வேண்டும், படையல் வேண்டும், பூசை புரிவோர் வேண்டும். அவற்றுக்கு நிலமும் பொன்னும் ஆடும் வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் யார்? அந்த ஆட்டை மேய்த்தவன் யார்? மன்னனின் சாம்பலுக்கு ஒளி தரத் தன் வியர்வையைக் கொடுத்தானே, அவன் இறந்தபோது அவன் சாம்பல் எங்கே போயிற்று? காற்றோடு போயிற்று, கல்வெட்டில் அவனுக்கு ஒரு வரியும் இல்லை.

அரண்மனைக்கு உள்ளேயும் சமநிலை இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கங்கைவரை படை செலுத்திய இராசேந்திரன் 1044இல் மறைந்தான். தொண்டை நாட்டுப் பிரமதேசத்திலே அவனுடைய அரசி வீரமாதேவி அவனோடு தீயிலே மாய்ந்தாள். அவளுடைய உடன்பிறந்தான், அவ்விருவரின் வேட்கை தணியத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தான் என்று அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. எரிந்துபோன உடன்பிறந்தாளுக்குத் தண்ணீர்! அந்த நீரை அவள்மீது படர்ந்த நெருப்பை அணைக்க ஊற்றியிருக்கலாகாதா? கணவன் இறந்தால் மனைவி எரிய வேண்டும். மனைவி இறந்தால் கணவன் எரிந்ததாக ஒரு கல்லும் சொல்லவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோயன்று. இங்கிலாந்திலே கிரேட் பிரிங்டன் என்னும் சிற்றூர். அங்கே புனித மேரி கோயில். ஊர் மக்கள் தொழும் அக்கோயிலின் ஒரு பகுதி, ஆல்தார்ப் மாளிகையின் உரிமையாளரான ஸ்பென்சர் பிரபுக் குடும்பத்தின் கல்லறைக் கூடம். 1522இல் இறந்த சர் ஜான் ஸ்பென்சர் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக அவர்கள் அங்கே துயில்கின்றனர். குலச் சின்னங்களும், கைகூப்பிய சிலைகளும், கணவனும் மனைவியும் கல்லுடலாய்க் கிடக்கும் காட்சியுமாக அக்கூடம் விளங்குகிறது. அக்குடும்பம் செல்வம் சேர்த்தது எதனால்? ஆட்டு மந்தைகளால்! கம்பளி விலை ஏறிய அக்காலத்திலே, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏர் நடந்த நிலங்களை வேலியிட்டு வளைத்து மேய்ச்சல் நிலமாக்கினர். உழவர் வீடிழந்து வழியிலே நின்றனர். ஆட்டின் உடைமையாளனுக்குக் கோயிலுக்குள்ளே பளிங்கு. நிலமிழந்த உழவனுக்கு வெளியே புல்தரை. தில்லையை ஒட்டிய பள்ளிப்படையும் பிரிங்டன் கல்லறையும் கடல் கடந்து கைகுலுக்கிக்கொள்கின்றன!

கடலூருக்கு வருவோம். கெடிலம் கடலைச் சேரும் தேவனாம்பட்டினத்திலே புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் கிடக்கின்றன. 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து அதை விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரை கோட்டையோடு சேரும் என்பது பேரம். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. குண்டு விழுந்த நிலத்தில் குடியிருந்தவனை எவனும் கேட்கவில்லை! 1756இல் அக்கோட்டையின் ஆளுநர் பதவியேற்ற இராபர்ட் கிளைவ், மறு ஆண்டு பிளாசியிலே வென்று பெருஞ்செல்வனானான், பிரபுவுமானான். 1774இல் அவன் மாண்டபோது, மோர்ட்டன் சே என்னும் சிற்றூர்க் கோயிலிலே பெயர் பொறித்த கல்லின்றிப் புதைத்தனர். பின்னாளிலே தகடு வந்தது. 1912இல் இலண்டனிலே சிலையும் வந்தது. 1770ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்திலே மடிந்த இலட்சக்கணக்கானோர்க்கு? தகடும் இல்லை, சிலையும் இல்லை.

அப்படியானால் இறந்தோர்க்குக் கல் நடுவதே கூடாதா? கூடும். நம் முன்னோர் நட்டனர். காட்சி முதல் வாழ்த்து வரை நடுகல்லின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகல், ஆநிரைப் பூசலிலே மாண்ட ஒருவனைத் தமிழ் எழுத்திலே குறிக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்திலே செங்கம் பகுதி எடுத்தனூரில், கள்வரைக் கடித்து எதிர்த்த கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லிலே இடமளித்தனர். நாயின் கடமையைக் கூட மதித்த மண் இது! அங்கே குலம் கேட்கப்படவில்லை, செயல் கேட்கப்பட்டது. நடுகல் செயலுக்கு நட்ட கல். பள்ளிப்படை பிறப்புக்கு எடுத்த கோயில்.

செயலைக் கேட்ட நாட்டிலே பிறப்பைக் கேட்கும் வழக்கம் எங்ஙனம் வேரூன்றியது என்பதற்குத் தில்லையே சான்று. ஆதனூர் நந்தன் தில்லையைக் காண ஏங்கினான். தீயிலே மூழ்கி, பூணூல் மார்புடன் எழுந்த பிறகே உள்ளே புகுந்தான் என்கிறது பெரியபுராணம். கதையை நம்புவோர் நம்பட்டும். ஆனால் அதன் பொருளென்ன? பிறந்த உடலோடு அவன் வாயிலைக் கடக்க முடியாது. அந்த உடல் எரிய வேண்டும்! எரித்தபின் ஏற்றுக்கொள்வது அருளா?

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 2019 ஆகஸ்டு மாதத்திலே, வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்ல வழியின்றிப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினர். அக்காட்சியை நாடே கண்டது. பிணத்துக்கும் சாதி! பாதைக்கும் சாதி!

ஆனால் அதே கடலூர்க் கரை மற்றொன்றையும் கண்டது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அம்மாவட்டத்திலே 600க்கும் மேற்பட்டோரை விழுங்கியது. ஆண்டுதோறும் அந்நாளில் கடலோர மக்கள் கூடி மலர் தூவுகின்றனர். மன்னர் எவரும் அங்கே மாளவில்லை. மறவாமை மட்டும் நிற்கிறது.

சிதம்பரத்திலே இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. ஒடுக்கப்பட்ட குடியிலே பிறந்த சுவாமி சகசானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். 1959இல் மறையும் வரை அதற்காகவே உழைத்தார். அவருடைய சமயம் நமக்கு உடன்பாடாயிருக்க வேண்டியதில்லை. தீயிலே புகுத்தப்பட்டவன் பெயரால் பள்ளிக்கூடம் திறந்தாரே, அச்செயல் போதும். அன்று பள்ளி என்றால் மன்னன் துயிலும் இடம். இவர் கண்ட பள்ளியோ மக்கள் விழிக்கும் இடம்!

இளைஞர்களே! பழங்கற்களை உடைக்க வேண்டாம், படியுங்கள். யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். யார் பெயர் இல்லை என்றும் கேளுங்கள். பிறகு உங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குச் செல்லும் பாதையைப் பாருங்கள். அது ஒன்றா, இரண்டா? இரண்டாயிருந்தால், ஒன்றாக்கும் வேலை உங்களுடையது.