பட்டுத்துணிக் கதையும் டமாஸ்கஸ் வாளும்

மேடைகளில் நாம் சலிக்காமல் கேட்டு வரும் கதை ஒன்றுண்டு. ஆங்கில மன்னன் ரிச்சர்டு இரும்புத் தண்டொன்றை ஒரே வீச்சில் துண்டித்துக் காட்ட, சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் மெல்லிய பட்டுத்துணியைத் தமது வாளால் இரண்டாக்கிக் காட்டினார்கள் என்பது அக்கதை. 1825ஆம் ஆண்டு வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘தி டாலிஸ்மேன்’ நாவலில் வரும் காட்சி அது. அவ்விருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. கற்பனையை வரலாறாக எண்ணி மகிழும் நாம், அவ்வகை வாளின் மெய்யான அருமையை அறியாமல் விட்டுவிடுகிறோம்.

டமாஸ்கஸ் வாள் என்று பெயர் பெற்றாலும் அதன் எஃகு டமாஸ்கஸில் பிறந்ததன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண் மூசைகளில் இரும்பையும் விறகுத் துண்டுகளையும் இட்டு மூடி, உருக்கி எடுத்த சிறு கட்டிகளே கப்பலேறிச் சென்றன. தமிழகத்தின் மேல்சிறுவலூரில் அத்தகைய மூசைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. இந்திய வாளைக் குறிக்க ‘முஹன்னத்’ என்றொரு சொல்லே அரபு மொழியில் உண்டு.

அந்த எஃகை வசப்படுத்துவதுதான் பெரும்பாடு. அதில் கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. அளவுக்கு மீறிச் சூடேற்றினால் சம்மட்டியின் கீழ் நொறுங்கும். சூடு குறைந்தால் வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வெப்பத்தில், நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளந்து, பன்முறை காய்ச்சித் தட்ட வேண்டும். வெப்பமானி இல்லாத காலம் அது! பின்னர் அரமும் எளிதில் பற்றாத அந்த உலோகத்தைச் சாணைக்கல்லில் தீட்டி மெருகேற்ற வேண்டும். (மிகக் கடினமான சாணைப்பொடியாகிய குருந்தத்தின் ஆங்கிலப் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது.)

மெருகு முடிந்த வாள் வெறும் கண்ணாடி போலவே இருக்கும். அன்னபேதிக் கரைசலைத் தடவிய பிறகே நீரலை போன்ற கோலம் எழும். கரைசல் மற்றப் பகுதிகளை அரித்துக் கருமையாக்க, கடினமான கார்பைடு துகள்கள் வெண்மையாக எஞ்சுகின்றன. மேலே வரையப்பட்ட அலங்காரமன்று. எஃகின் உள்ளமைப்பே வெளிப்படுகிறது. அரைகுறையாகத் தீட்டியவனின் கீறல்களும் அதே கரைசலில் அம்பலமாகிவிடும்.

இக்கோலத்தை அரபுகள் ‘ஃபிரிந்த்’ என்றனர். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். கோலம், நிறம், அளவு, எடை ஆகியவற்றைக் கொண்டு வாள்களை அதில் வகைப்படுத்தினார். சரந்தீப் எஃகில் செய்தவையும் அவற்றுள் அடங்கும். தத்துவம் பேசிய பேரறிஞர் கொல்லர் பட்டறையின் நுணுக்கங்களையும் இவ்வளவு பொறுமையாகப் பதிவு செய்தது, நமக்குப் பட்டுத்துணிக் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

19ஆம் நூற்றாண்டில் இக்கலை மங்கியது. மைக்கேல் ஃபாரடே 1819இல் இந்திய எஃகைப் பகுத்தாய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியம் காரணமெனக் கருதினார். அது தவறான முடிவு. அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன், வாள்கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயுடன் சேர்ந்து அக்கோலத்தை மீண்டும் உருவாக்கி, 1998இல் விளக்கம் வெளியிட்டார். 0.01 விழுக்காட்டுக்கும் குறைவான வனேடியம் போன்ற கலப்புகளே கார்பைடுகளை வரிசைப்படுத்துகின்றன என்றார். அக்கலப்பு தாதுவிலேயே இருந்தது. பழைய கொல்லர்கள் அதன் பெயரை அறியார். எந்தக் கட்டியில் கோலம் எழும் என்பதை மட்டும் அறிந்திருந்தனர்.