குசினி அலுமாரியில் ஒரு வரலாறு

நேயர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து கேபோஸ் ஒழுங்கைக்குள் நுழைந்தால், கடையைக் காணுமுன்னரே அதன் மணம் நம்மை எதிர்கொள்ளும். கறுவா, மிளகு, ஏலம், கராம்பு, வேர்க்கொம்பு ஆகியவற்றோடு நாட்டு மருந்து மூலிகைகளும் அருகருகே விற்பனையாகும். உணவையும் மருந்தையும் நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை. 'சரக்கு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்கிற்று. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் சரக்குக் கறி இதற்கு நல்ல சான்று.

சங்க நூல்களில் 'கறி' என்றால் மிளகு. யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு மீண்ட செய்தியை அகநானூறு தருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த கறி மூடைகளையும் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை ஒரே வரிசையில் வைக்கின்றது. இன்றோ நாம் சமைத்த பதார்த்தத்தையே கறி என்கிறோம்.

அந்தக் கறியின் உறைப்புக்கு நாம் நம்பியிருக்கும் மிளகாய் நம் மண்ணுக்குரியதன்று. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். மிளகாயைக் கீழைத்தேசங்களில் பரப்பியவை அவர்களது கப்பல்களே. மிளகுபோல் உறைக்கும் காய் ஆதலால் நம்மவர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டனர். நாம் சமைக்கும் குசினியும், தூள் போத்தலை வைக்கும் அலுமாரியும் போர்த்துக்கேயச் சொற்களே. வந்தவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் அடுப்படியில் தங்கிவிட்டன.

கறுவாவின் கதை வேறு. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நெடுங்காலம் காட்டுக் கறுவாவையே உரிப்பித்தனர். ஆளுநர் பல்க்கின் காலத்தில், 1769ஆம் ஆண்டளவில், மருதானைப் பகுதியில் அதைப் பயிரிடத் தொடங்கினர். கொழும்பு ஏழின் கறுவாத்தோட்டம் என்னும் பெயர் அக்காலத்தின் எச்சம். கறுவா வணிகத்தின் மீதான அரச ஏகபோகம் ஆங்கிலேயர் ஆட்சியில், 1833இல்தான் நீங்கியது.

இத்தனை போட்டிக்கும் அடியில் ஓர் எளிய உண்மை உண்டு. உலர்ந்த சரக்கு கெடாது. மாதக்கணக்கில் கடலில் சென்றும் மிளகும் கறுவாவும் மணம் குன்றாமல் கரைசேர்ந்தது இதனாலேயே. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்; வெயிலும் சூடும் பட்டால் மணம் தரும் எண்ணெய் பறந்துவிடும். பண்டசாலைக் காவலனுக்குரிய இந்த விதிதான் நம் தாய்மாருக்கும் உரியது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்த இரவில், என் தாயார் காணி உறுதியோடு ஒரு தகரப் பேணி தூளையும் எடுத்துக்கொண்டார். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் பக்குவமாக வறுத்து உரலில் இடித்த தூள். தென்மராட்சியில் அது எங்களைக் காத்தது. பல மாதங்களின் பின் வெள்ளவத்தைக்கு வந்தோம். கடற்காற்றில் எஞ்சிய தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்தது. அதைக் கொட்டிய அன்றுதான் அம்மா அழுததை நான் முதன்முதலாகக் கண்டேன்.

பின்னர் அவர் புதிதாகக் கற்றுக்கொண்டார். சரக்கை முழுதாக வைத்துச் சிறுகச் சிறுக இடித்தல், வறுத்ததன் சூடு ஆறியபின்னரே மூடுதல், ஈரக் கரண்டி படாமற் பார்த்தல், போத்தலை அடுப்புக்குத் தொலைவில் வைத்தல் என்பனவெல்லாம் கொழும்பு அவருக்குக் கற்பித்த பாடங்கள்.

2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை எகிறியபோது, நாம் எவ்வளவு தூரம் பிறர் கையை எதிர்பார்க்கிறோம் என்பது விளங்கிற்று. இன்று தூள் பொதிகளில் வருகின்றது. வசதிதான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு வேறுபட்ட அந்த மணம் எந்தப் பொதியிலும் இல்லை.

என் தாயாரிடம் அளவு கேட்டால், 'கையாலை பார்த்துப் போடுறதுதானே' என்பார். ஒல்லாந்தர் கறுவாவின் நிறையைக் கணக்கேடுகளில் எழுதிவைத்தனர். நம் வீட்டுத் தூளின் கணக்கு ஒரு கையில் மட்டுமே இருக்கின்றது. சென்ற மாதம் அவர் வறுக்கும்போது தராசோடு அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பிடியையும் நிறுத்து எழுதிக்கொண்டேன். நேயர்களே, உங்கள் வீட்டிலும் அந்தக் கை இன்னும் இருக்குமானால், தாமதியாமல் எழுதி வையுங்கள்.