பாடபேதங்களே சாட்சியான வரலாறு

1707ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஜான் மில், புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தைப் பதிப்பித்தார். ஏறத்தாழ நூறு கையெழுத்துப் படிகள், பழைய மொழிபெயர்ப்புகள், திருச்சபைத் தந்தையரின் மேற்கோள்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கிச் சுமார் 30,000 பாடபேதங்களை அவர் திரட்டியிருந்தார். முப்பது ஆண்டு உழைப்பு அது. நூல் வெளிவந்த இரண்டு வாரங்களில் மில் இறந்துவிட்டார். பிறகு எழுந்த கண்டனங்களை அவர் காணவில்லை.

கண்டனம் முதலில் வந்தது வேதத்தைக் காக்க நினைத்தவரிடமிருந்து. 1710இல் டேனியல் விட்பி என்ற குருவானவர், இத்தனை பேதங்களைப் பட்டியலிடுவது விசுவாசத்தின் அடித்தளத்தையே அசைக்கும் என்று மில்லைச் சாடினார். 1713இல் சுதந்திரச் சிந்தனையாளர் ஆந்தனி காலின்ஸ் அதே எண்ணிக்கையைக் கையில் எடுத்து, வேதத்தின் மூலபாடம் நிலையற்றது என்பதைக் குருமார்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று வாதிட்டார்.

அந்த ஆண்டே பதில் எழுதினார் கேம்பிரிட்ஜின் ரிச்சர்டு பென்ட்லி. புதிய ஏற்பாட்டின் நம்பகத்தன்மைக்காக இன்று சொல்லப்படும் வாதங்களில் வலுவானது அவருடைய இந்தப் பதிலிலிருந்து கிளைத்தது என்பது என் கணிப்பு. பேதங்களை மில் உண்டாக்கவில்லை, இருந்தவற்றை எடுத்துக் காட்டினார் என்றார் பென்ட்லி. படிகள் பெருகினால் பேதங்களும் பெருகும். ஒரே ஒரு படி எஞ்சியிருந்தால் பேதமே இராது. ஆனால் அதிலுள்ள பிழையைத் திருத்தவும் வழி இராது. ரோம வரலாற்றாசிரியர் வெல்லேயுஸ் பட்டெர்குலுஸின் நூலை அவர் சான்றாகக் காட்டினார். அது ஒற்றைப் படியின் வழியாகப் பிழைத்து வந்த நூல். சிதைந்த இடங்களில் பதிப்பாசிரியர்கள் ஊகத்தையே நம்ப வேண்டியிருந்தது. படிகள் பல கிடைத்த டெரன்ஸின் நாடகங்களிலோ பேதங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், மூலபாடம் தெளிவாகவே மீண்டது.

பேதங்களைக் கொண்டு மூலத்தை எட்டுவது எப்படி என்பதற்கு முறை வகுத்தவர் ஜெர்மானியரான யோகான் ஆல்பிரெக்ட் பெங்கேல். டூபிங்கனில் மாணவராக இருந்தபோதே இந்தப் பேதங்கள் அவரை வாட்டின. அந்தக் கலக்கத்தை ஒதுக்கித் தள்ளாமல் 1734இல் தாமே ஒரு பதிப்பைக் கொண்டுவந்து, பேதங்களை ஐந்து தரங்களாகப் பிரித்தார். படிகளை எண்ணக்கூடாது, எடைபோட வேண்டும் என்பது அவர் நிலை. இரண்டு பாடங்களில் கடினமானதே பெரும்பாலும் பழையது என்பது அவர் தந்த விதி.

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் வசனத்தில் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். அங்கே வரும் மேற்கோள் ஏசாயாவிலிருந்து மட்டும் வந்ததல்ல. அதன் முதற்பகுதி மல்கியாவோடு ஒத்துப்போகிறது. பிற்காலப் படிகள் பலவற்றில் "தீர்க்கதரிசிகள்" என்ற பொதுச்சொல் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான், சீனாய்ப் படிகளிலோ ஏசாயாவின் பெயர் இருக்கிறது. சங்கடமான பெயரைப் பொதுச்சொல்லாக மாற்றப் படியெடுப்பவருக்குக் காரணம் உண்டு. பொதுச்சொல்லைச் சங்கடத்தில் மாட்டிவிட யாருக்கும் காரணமில்லை. ஆகவே ஏசாயாவே பழைய பாடம்.

இதே முறை, பலருக்கு அருமையான வசனங்களையும் விட்டுவைக்கவில்லை. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுவதாக முதலாம் யோவான் நிருபத்தில் வரும் வரி, அறிஞர் எராஸ்மஸ் கொண்டுவந்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516 பதிப்பில் இல்லை, 1522இல்தான் சேர்ந்தது. பழைய கிரேக்கப் படிகளில் அது கிடையாது. தமிழில் பழைய திருப்புதலில் அந்த வரி இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியத்தின் பாடத்தில் இல்லை. திரித்துவத்துக்கு அத்தனை உகந்த வரியையே விசுவாசிகளான அறிஞர்கள் விலக்கியதால்தான், அவர்கள் நிலைநிறுத்திய மற்ற பாடங்களை என்னால் நம்பிக்கையோடு ஏற்க முடிகிறது.

19ஆம் நூற்றாண்டில் கேள்வி காலத்தின் பக்கம் திரும்பியது. யோவான் நற்செய்தி ஏறத்தாழ கி.பி. 170இல் எழுந்தது என்றார் ஜெர்மானிய இறையியலாளர் பவுர். 1935இல் கோலின் ராபர்ட்ஸ், மான்செஸ்டரின் ரைலண்ட்ஸ் நூலகத்திலிருந்த ஒரு பாப்பிரஸ் துண்டைப் பதிப்பித்தார். 8.9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம். இரு பக்கமும் யோவான் 18ஆம் அதிகாரத்தின் வரிகள், பிலாத்துவின் முன் நடந்த விசாரணை. எழுத்தமைதியை வைத்து அதை இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியதென அவர் கணித்தார். பவுரின் காலக்கணிப்பு ஆட்டம் கண்டது. ஆனால் எழுத்தமைதியைக் கொண்டு அத்தனை துல்லியமாகச் சொல்ல முடியாது, மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட அது போகலாம் என்று 2005இல் பிரென்ட் நாங்பிரி காட்டினார். துண்டை மேடையில் காட்டுவோர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிரேக்கப் படிகள் 5,000க்கும் மேல் என்ற பெருமையும் அப்படித்தான். அவற்றில் பெரும்பாலானவை ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. எண்ணிக்கையை முன்னிறுத்துவோர் பெங்கேலை மறந்துவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளை நீக்கினாலும் பேதங்கள் 5 லட்சம் அளவுக்கு வரும் என்பது 2016இல் பீட்டர் கர்ரி தந்த மதிப்பீடு. பென்ட்லியின் தர்க்கம் இந்த எண்ணையும் தாங்கும்.

அந்தத் தர்க்கம் நிறுவுவது ஒன்றைத்தான்: முதலில் எழுதப்பட்டதை மிகப் பெரும்பாலான இடங்களில் நாம் மீட்டெடுக்க முடியும். எழுதப்பட்ட நிகழ்ச்சி நடந்ததா என்பது வேறு வழக்கு, அதற்குச் சாட்சிகளும் வேறு. 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு பிலாத்துவின் பெயரையும், யூதேயாவின் ஆளுநர் என்ற அவன் பதவியையும் உறுதிப்படுத்துகிறது. விசாரணையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.