தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையும் சமூக மேம்பாடும்

2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தும் வாய்ப்பு 2004 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இப்போட்டி நடப்பது அதுவே முதல் முறை. இனஒதுக்கல் ஆட்சி ஒழிந்து 10 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், வறுமையையும் வேலையின்மையையும் குறைக்க இது உதவும் என்று அரசு நம்பியது.

9 நகரங்களில் 10 அரங்குகள் புதிதாகக் கட்டப்பட்டன அல்லது புதுப்பிக்கப்பட்டன. ஜோகன்னஸ்பர்க்கில் ரியா வாயா விரைவுப் பேருந்துகள் 2009இல் ஓடத் தொடங்கின. ஹவ்ட்ரெயின் விரைவு ரயிலின் முதல் பகுதி, போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு திறக்கப்பட்டது.

சமூகப் பணிக்கென உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆப்பிரிக்கா முழுவதும் 20 மையங்கள் அமைப்பது அதன் இலக்கு. ஒவ்வொன்றிலும் சிறிய செயற்கைப் புல் ஆடுகளமும், கல்வி, நலவாழ்வுப் பணிகளுக்கான அறைகளும் இடம்பெற்றன. முதல் மையம் 2009 டிசம்பரில் கேப் டவுனின் கயலிட்சாவில் திறக்கப்பட்டது. அங்கே கால்பந்துப் பயிற்சியோடு எச்.ஐ.வி. தடுப்புக் கல்வியும் அளிக்கப்பட்டது. போட்டியின் இறுதி வாரத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா குடியிருப்பில் நடந்த இளையோர் விழாவில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடினர். நடுவர் கிடையாது, தகராறுகளை ஆட்டக்காரர்களே பேசித் தீர்த்தனர்.

பலன் சீராக அமையவில்லை. அரங்குகளைச் சுற்றி வகுக்கப்பட்ட வணிகத் தடை வளையங்களால் தெருவோர வியாபாரிகள் பிழைப்பை இழந்தனர். சில அரங்குகளின் பராமரிப்பு நகராட்சிகளுக்குச் சுமையானது. பேருந்து, ரயில் சேவைகளும் சிறு மையங்களுமே பெரிய அரங்குகளைவிட மக்களுக்கு அதிகம் பயன்பட்டன.