கீழக்கரைக்கு வந்த கல்லூரி

1988இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தொடங்கியபோது, சென்னை இராணி மேரிக் கல்லூரிக்கு வயது 74. முத்தும் சங்கும் விற்ற ஊர் கீழக்கரை. ஆண்கள் கொழும்புக்குக் கப்பலேறினார்கள், பிறகு துபாய்க்குப் பறந்தார்கள். ஜெமினி மேம்பாலத்தைக் கட்டிய நிறுவனத்தின் அதிபர் பி.எஸ்.அப்துர் ரகுமான் இந்த ஊர்க்காரர்தான். கல்லூரியைத் தொடங்கியது அவர் நிறுவிய சீதக்காதி அறக்கட்டளை.

1985 வரை விருதுநகரும் சிவகங்கையும் சேர்ந்ததுதான் கீழக்கரை இருக்கும் இராமநாதபுரம் மாவட்டம். விருதுநகரில் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962லேயே வந்துவிட்டது. கடற்கரைப் பக்கத்துப் பெண்ணோ மதுரை லேடி டோக்குக்கோ பாத்திமாவுக்கோ போய் விடுதியில் தங்க வேண்டியிருந்தது. வயசுப் பெண்ணை விடுதிக்கு அனுப்பச் சம்மதிக்கும் வீடுகள் எத்தனை இருந்திருக்கும்!

அப்படியே அனுப்பினாலும், படித்து என்ன ஆகப்போகிறாள் என்ற கேள்விக்கு ஊரிடம் ஒரே பதில்தான் இருந்தது: டீச்சர்.

1914இல் 37 மாணவிகளோடு தொடங்கிய இராணி மேரியின் பழைய மாணவிகளைப் பார்த்தால் அந்தப் பதில் எவ்வளவு குறுகியது என்று தெரியும். ஜானகி அம்மாள் தாவரவியலில் மிச்சிகன் வரை போய், கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சி செய்தார். லட்சுமி சுவாமிநாதன் டாக்டராகிச் சிங்கப்பூர் போனார். 1943இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். தோட்ட வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் பலர் அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். 15 வயதில் மணமாகி, கைக்குழந்தையோடு விதவையான அ.லலிதா, இண்டர்மீடியட் படித்ததும் இராணி மேரியில்தான். பிறகு கிண்டியில் பொறியியல் முடித்து, பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான பணியில் பங்காற்றினார்.

சரி, டீச்சர் ஆனவர்கள் மட்டும் ஒரே அச்சா? அதுவும் இல்லை. பழைய இராமநாதபுரம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1958இல் பிறந்த எழுத்தாளர் பாமாவைப் பாருங்கள். எண்ணெய் ஊறிய பலகாரப் பொட்டலத்தைச் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கை படாமல் பண்ணையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்த பெரியவரைச் சிறுமியாக அவர் பார்த்தார். பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. அது சாதியின் வேலை என்று விளக்கி, நன்றாகப் படி என்று சொன்னவர் அண்ணன், பின்னாளில் ஆய்வாளராகப் புகழ்பெற்ற ராஜ் கௌதமன். பாமா தூத்துக்குடி புனித மரியன்னை கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரியின் கடைசி ஆண்டு விருந்தன்று உடுத்த நல்ல சேலை இல்லை. குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டார். பட்டம் வாங்கினார், ஆசிரியை ஆனார், கன்னியாஸ்திரீ ஆனார், ஏழாண்டுகளில் மடத்தை விட்டு வெளியே வந்தார். 1992இல் அவருடைய தன்வரலாறு ‘கருக்கு’ வந்தது. பிறகு மறுபடியும் பள்ளிக்கூடம். இந்த வாழ்க்கையை ‘டீச்சர்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

கல்லூரி வரலாறு எழுதுகிறவர்கள் கட்டடம் கட்டிய ஆண்டையும் திறந்துவைத்த அமைச்சரையும் விடாமல் குறிக்கிறார்கள். படித்துப் போனவர்களின் கதையைத்தான் விட்டுவிடுகிறார்கள். கீழக்கரையில் 1988இல் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். வேலைக்குப் போனவர், போகாதவர், கடல் தாண்டிக் குடும்பம் நடத்துகிறவர் என்று எல்லோருடைய கதையும் வேண்டும். கல்லூரி நிர்வாகம் ஒரு பதிவேடு திறந்து அவர்களைக் கேட்டு எழுதிவைக்கட்டும். கேட்டால் சொல்ல அவர்கள் இருக்கும்போதே.