திரையரங்கில் படம் பார்ப்பதும் வீட்டில் படம் பார்ப்பதும் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் சினிமா அதன் முதல் எழுபது ஆண்டுகள், வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்ப் பார்க்கும் ஒன்றாகவே இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகுதான் படம் வீட்டுக்குள் வந்தது. அதன்பின் வீடியோ கேசட், கேபிள் இணைப்பு, குறுந்தகடு, ஓடிடி எனப்படும் இணையவழி வெளியீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை, தியேட்டருக்குப் போகாமலே படம் பார்க்கும் வழக்கத்தைப் பெருக்கின. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு திரையின் அளவு என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதைவிட ஆழமான வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. தியேட்டரில் இரண்டரை மணி நேரம் படத்தின் கையில் இருக்கிறது. வீட்டில் அது பார்ப்பவரின் கையில், அதாவது ரிமோட்டில் இருக்கிறது. தமிழ்ப் படத்தின் வடிவமே இந்த ஒன்றால்தான் உருவானது. இப்போது மாறிவருவதும் இதனால்தான்.

கொட்டகைக் காலம்

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். நிலையான அரங்குகள் சில ஆண்டுகளில் எழுந்தன. 1913இல் சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) எலக்ட்ரிக் தியேட்டர் தொடங்கியது. அந்தக் கட்டடம் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில், தபால்தலை சேகரிப்போருக்கான நிலையமாக இன்றும் நிற்கிறது. 1914இல் வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. வீட்டில் பார்க்க வழியே இல்லாத காலத்தில்தான் ஒரு படம் ஒரே அரங்கில் அத்தனை நாள் ஓட முடியும். பிடித்த படத்தை மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். பேசும்படம் பரவியதும் அரங்குகளும் பெரிதாயின. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்ட மதுரை தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன.

நகரத்துக்குத் தங்கம் என்றால் கிராமத்துக்கு டூரிங் டாக்கீஸ். டெண்டு கொட்டகை என்றும் சொல்வார்கள். சினிமா உரிமச் சட்டம் இதை நிரந்தரமல்லாத அரங்கு என்ற தனி வகையில் வைத்தது. கீற்றுக் கூரையோ கூடாரத் துணியோதான் மேலே. பக்கச் சுவர் பாதிதான். அதனால் வெளிச்சம் மங்கிய பிறகே படம் ஓட்ட முடியும். முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்று இரண்டு காட்சிதான். மாலையில் கூம்பு ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கிளம்பினால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அடுத்த ஊருக்கும் தெரியும். தரை டிக்கெட் எடுத்தவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் துண்டை விரித்து உட்கார்வார்கள். பின்வரிசைக்காரர் தானும் மணலைக் கூட்டுவார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தட்டியோ குட்டைச் சுவரோ இருக்கும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் விளக்குப் போட வேண்டும். முறுக்கும் கடலையும் கோலி சோடாவும் அந்த இடைவெளிகளில் விற்றன. படப்பெட்டி வரத் தாமதமானால் கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. படம் அறுந்தால் விசில் பறந்தது.

பெண்கள் கூட்டத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘தாய்க்குலத்தின் பேராதரவு’ என்று போஸ்டரில் போட்டுக்கொள்வது வெறும் விளம்பரம் அல்ல, வியாபார உண்மை. கோயிலையும் கல்யாணத்தையும் விட்டால் பெண்கள் சேர்ந்து வெளியே போக ஊர் ஒப்புக்கொண்டது நிலையான அரங்குகளின் பகல் காட்சியைத்தான். குடும்பப் படங்கள் நூறு நாள் ஓடியதில் அவர்கள் பங்கு பெரிது. தொண்ணூறுகளில் தொலைக்காட்சித் தொடர்கள் அவர்களை வீட்டோடு நிறுத்திக்கொண்டதற்கும் தமிழ்த் திரைக்கதையில் குடும்பப் படத்தின் எடை குறைந்ததற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

அரங்கு வடித்த படம்

தமிழ்ப் படத்தில் பல அம்சங்கள் கதைக்காக வந்தவை அல்ல, கூட்டத்துக்காக வந்தவை. அவற்றில் முதலாவது இடைவேளை. பாதியில் ஒரு முடிச்சைப் போட்டு நிறுத்தினால்தான் தேநீர்க் கடைப் பக்கம் போனவர் திரும்பி வருவார். நாயகன் முதலில் முகம் காட்டும் காட்சியில் காலில் தொடங்கி மெல்ல மேலேறும் கேமரா, ரசிகர்களின் ஆரவாரம் ஏறுவதற்கு நேரம் கொடுக்கிறது. அனல் பறக்கும் வசனத்துக்குப் பிறகு இரண்டு மூன்று விநாடி யாரும் பேசாமல் விடுவது கைத்தட்டலுக்கான இடம். அடுத்த வசனம் அதில் மூழ்கிவிடக் கூடாது என்று எடிட்டர் பார்த்து வெட்டுகிறார். அதே படத்தை வீட்டில் தனியாகப் பார்க்கும்போது அந்த மூன்று விநாடி காலியாகக் கிடக்கிறது. காட்சி ஏன் இழுக்கிறது என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம், அங்கே இருக்க வேண்டிய ஐந்நூறு பேர் இல்லாததுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சத்தத்துக்கு நடுவே அடிபட்டுப்போகும் படங்கள் வீட்டு அமைதியில்தான் மூச்சு விடுகின்றன. 2003இல் வெளியான ‘அன்பே சிவம்’ தியேட்டரில் எடுபடவில்லை. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பான பிறகே அது பலருக்கும் பிடித்த படமானது. 2010இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்கும் ஏறத்தாழ இதே கதிதான். தியேட்டர் ஒரு வாரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடும். வீடு பத்தாண்டு கழித்தும் மேல்முறையீட்டை ஏற்கும்.

வீட்டுக்குள் வந்த படம்

தூர்தர்ஷன் காலத்தில் வீட்டில் படம் பார்ப்பது என்றால் பெரும்பாலும் அடுத்த வீட்டில் பார்ப்பதுதான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி, ஞாயிறு மாலைப் படம் இரண்டுக்கும் தெருவே டிவி உள்ள வீட்டுக் கூடத்தில் கூடியது. எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது. அதை விலைக்கு வாங்கியவர்களைவிட வாடகைக்கு எடுத்தவர்களே அதிகம். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் டெக்கும் டிவியும் எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். ஆக வீட்டுத்திரை தொடக்கத்தில் தனிமையைக் கொண்டுவரவில்லை. கொட்டகையின் கூட்டத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்தது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. பண்டிகை நாட்களில் ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக’ என்ற அறிவிப்புடன் வந்த புதுப்படங்கள், தீபாவளி, பொங்கல் நாட்களின் பகல்பொழுதை மாற்றியமைத்தன. ஒளிபரப்பு உரிமை படத்தின் வரவில் ஒரு பங்காகக் கணக்கிடப்பட்டது. பின்னர் வந்த திருட்டு விசிடி, தியேட்டருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒருசேர அடி கொடுத்தது. 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் அதன்கீழ் கொண்டுவந்தது.

இந்தக் காலத்துத் தொலைக்காட்சி படத்தை எவ்வளவு வெட்டியது என்பது பலருக்கும் தெரியாது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு, பழைய டிவித் திரையின் அகலம் 1.33 மடங்குதான். ஸ்கோப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடாமல் நிரப்பிக் காட்டினால் இரு ஓரங்களிலுமாக 43 சதவீதப் படம் போய்விடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரிவது இதனால்தான். வேகமும் மாறியது. சினிமாவுக்கு விநாடிக்கு 24 சட்டகம். இந்தியா கைக்கொண்ட ‘பால்’ (PAL) முறைத் தொலைக்காட்சிக்கு 25. சட்டகத்துக்குச் சட்டகம் அப்படியே மாற்றினால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும்: 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், பாட்டின் சுருதியும் சற்றே ஏறும். விளம்பரங்கள் சேர்ந்ததும் அதே படம் நான்கு மணி நேரத்தைத் தொட்டது.

ஒளியும் ஒலியும்

தியேட்டர்ப் படம் டிவியைவிட வெளிச்சமானது என்று நினைப்பது தவறு. டிஜிட்டல் புரொஜெக்டருக்கான தர அளவு, திரையில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கேண்டெலா. இன்றைய டிவிகள் இதைப்போல் பல மடங்கு ஒளிவிடக் கூடியவை. ஓலெட் திரையின் கறுப்பும் புரொஜெக்டரின் கறுப்பைவிட அடர்த்தியானது. தியேட்டர் வெல்வது இருட்டினால். சுற்றிலும் வேறொன்றும் தெரியாதபோது கண் விரிந்துகொடுத்து, அந்தக் குறைந்த ஒளியே போதுமானதாகிறது. அடுத்தது பார்வைக் கோணம். திரை கண்ணுக்கு முன்னே குறைந்தது 30 பாகையாவது விரிய வேண்டும் என்பது துறையினர் பரிந்துரைக்கும் அளவு. 55 அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ நான்கு அடி. பன்னிரண்டு அடி தள்ளி சோபாவில் அமர்ந்தால் கிடைப்பது 19 பாகைதான். 30 பாகை வேண்டுமானால் ஏழரை அடிக்குள் நெருங்க வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே நகர்த்துவது, இன்னும் பெரிய டிவி வாங்குவதைவிடப் பயன் தரும், செலவும் இல்லை.

வீட்டில் உண்மையாகத் தோற்பது ஒலி. 2012இல் வந்த ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸ் முறையில் ஒலியமைக்கப்பட்ட முதல் இந்தியப் படம். அதில் ஒலி தலைக்குமேலும் நகரும். தியேட்டரில் வசனத்துக்கென்றே திரைக்குப் பின்னால் நடு ஒலிபெருக்கி ஒன்று உண்டு. டிவியின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளில் அந்தப் பல தடங்களும் ஒன்றாகக் கலந்ததும் வசனம் அமுங்கிப் பின்னணி இசை எழும்புகிறது. பேசும்போது ஒலியைக் கூட்டி, சண்டை வந்ததும் குறைத்து, கை ரிமோட்டிலேயே இருக்கும். இரவில் குழந்தை தூங்கும் வீட்டில் இந்தத் தொல்லை எல்லோரும் அறிந்ததே.

உரிமைச் சண்டை

எந்தத் திரைக்கு முதலில் என்ற கேள்வி 2013இல் வெடித்தது. ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச் எனப்படும் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக வீடுகளில் காட்டப்போவதாகக் கமல்ஹாசன் அறிவித்தார். கட்டணம் 1,000 ரூபாய். தியேட்டர் உரிமையாளர்கள் கடுமையாக எதிர்க்க, அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. படத்துக்கு வந்த வேறு எதிர்ப்புகளும் தடையும் நீங்கி, தமிழ்நாட்டில் அது பிப்ரவரி 7 அன்று திரைக்கு வந்தது. அன்று தோற்ற யோசனை ஏழே ஆண்டில் கட்டாயமானது. 2016இல் நெட்பிளிக்ஸும் பிரைம் வீடியோவும் இந்தியாவில் கால்வைத்தன. அதே ஆண்டில் ஜியோ வந்து இணையக் கட்டணத்தைக் கீழே இறக்கியது. 2020 மார்ச்சில் கொரோனா தியேட்டர்களை மூடியது. மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராகப் பிரைமில் வெளியானது. அதைத் தயாரித்த நடிகர் சூர்யாவின் நிறுவனப் படங்களைத் திரையிட மாட்டோம் என்று தியேட்டர் தரப்பு அறிவித்தது. நவம்பரில் ‘சூரரைப் போற்று’ அதே வழியில் வந்தது. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படம் உட்பட ஐந்து விருதுகளை அது பெற்றது. பெரிய திரையில் அண்ணாந்து பார்க்க எடுத்த படத்தை நாடு கையடக்கத் திரையில் பார்த்தது. இதை இழப்பாகவே இக்கட்டுரை கருதுகிறது.

2021 ஜனவரி 13 அன்று பாதி இருக்கைகளோடு வெளியான ‘மாஸ்டர்’ கூட்டத்தைத் திரும்ப அழைத்துவந்தது. ஆனால் 16 நாளில் அதுவும் பிரைமுக்கு வந்துவிட்டது. பின்னர் பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு நான்கு வார இடைவெளி வழக்கமானது. அதை எட்டு வாரமாக்க வேண்டும் என்பது தியேட்டர் உரிமையாளர்களின் கோரிக்கை. அதில் நியாயம் உண்டு. ஒரு மாதத்தில் வீட்டுக்கு வரும் என்று தெரிந்தால், நடுத்தரப் படத்துக்கு யாரும் பேருந்து ஏறிப் போவதில்லை. அடி விழுவது பெரிய நட்சத்திரப் படத்துக்கு அல்ல, இரண்டாம் வாரத்தில் வாய்வழிப் பேச்சால் எழும் சிறிய படத்துக்குத்தான்.

செலவும் வசதியும்

2017இல் தமிழ்நாடு அரசு, மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. வரி, முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தம், பாப்கார்ன் என்று நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு மாலையில் ஆகும் செலவு, ஓடிடியின் பல மாதச் சந்தாவைத் தாண்டிவிடும். வீட்டில் சமையல் வேலைக்கு நடுவே நிறுத்திப் பார்க்கலாம். படியேற முடியாத பெரியவர்கள் தம் நாற்காலியிலேயே இருக்கலாம். காது கேளாதவருக்கு எழுத்துவரி கிடைக்கிறது. தியேட்டர்கள் நெடுங்காலம் கண்டுகொள்ளாத இவர்களுக்கு வீட்டுத்திரை செய்த உதவியைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தணிக்கையிலும் வேறுபாடு உண்டு: தியேட்டர் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம், ஓடிடி தளங்கள் 2021 விதிகளின்படி தாங்களே வயது வகைப்பாட்டைப் போட்டுக்கொள்கின்றன.

வீட்டில் பார்த்தவர் தியேட்டருக்கு வரமாட்டார் என்ற கணக்கை 2024 பொய்யாக்கியது. பிப்ரவரியில் வந்த மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டுத் தியேட்டர்களை நிறைத்தது. 1991இல் வந்த ‘குணா’ படத்தின் பாட்டு உச்சக்காட்சியில் ஒலித்த இடத்தில் அரங்கு எழுந்து ஆர்ப்பரித்தது. அந்தப் பாட்டை அவர்களில் பலரும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். ஏப்ரலில், இருபது ஆண்டுப் பழைய ‘கில்லி’ மறுபடி வெளியாகிக் காட்சிக்குக் காட்சி நிரம்பியது. டிவியில் எத்தனையோ முறை பார்த்து வசனம் மனப்பாடமான படம். திரையில் வருவதற்கு முன்பே அரங்கில் எல்லோரும் சேர்ந்து அந்த வசனத்தைச் சொன்னார்கள்.

இந்த வரவேற்பு கட்டடங்களை முழுதாகக் காப்பாற்றவில்லை. மவுண்ட் ரோட்டின் சாந்தி 2016இலும், அசோக் நகர் உதயம் 2024இலும் மூடப்பட்டன. மதுரை தங்கம் நின்ற இடத்தில் துணிக்கடை இருக்கிறது. சிற்றூர்களில் தாக்குப்பிடிக்கும் ஒற்றைத்திரை அரங்குகள் பல, பால்கனியைத் தனியே பிரித்து இன்னொரு சிறு திரையாக்கியிருக்கின்றன. கீழே புதுப்படம், மேலே முந்தைய வாரப் படம் ஓடுகிறது.